ஆயிரமாவது நாள் போட்டோ

கேமராவின் அடிமூடியைத் திறந்து பார்த்த ஹெல்மெட், மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மூன்றாவது முறை திறந்தபோதும் காலியாகத்தான் இருந்தது.

"இதுக்குள்ள இருந்த கார்டு எங்க போச்சு?"

"என்னைக் கேட்டா?" என்றார் எதிரே நின்ற பர்ச்சேஸ்காரர். "நான் வாங்கித் தர்றவன். காணாமப் போறது என் டிபார்ட்மென்ட் இல்ல."

ஹெல்மெட் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. அவர் அந்தப் பூட்டுத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. காலையில் கேட்டுக்குள் நுழையும்போது தலையில் ஏறும் மஞ்சள் ஹெல்மெட், சாயங்காலம் வீட்டில் மனைவி அதைத் தட்டிக் காட்டும்போதுதான் இறங்கும். அதனால் நூற்றிருபது தொழிலாளர்களும் ஒருமனதாக வைத்த பெயர் அது. அவர்கள் ஒருமனதாகச் செய்த வேறு காரியம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இன்று அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய நாள். இயந்திரங்கள் ஓடும் பெரிய கூடத்தின் சுவரில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு இரும்புப் போர்டு உண்டு. அதில் நான்கு கொக்கிகளில் தொங்கும் நான்கு எண் தகடுகள். இன்று காலை ஹெல்மெட் தன் கையாலேயே மாட்டிய எண், ஆயிரம். அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு விரல்கூட நசுங்கியதில்லை.

தலைமை அலுவலகம் ஒரு கோப்பை அறிவித்திருந்தது. எந்தத் தொழிற்சாலை முதலில் ஆயிரத்தைத் தொடுகிறதோ அதற்கு. தொழிலாளர்கள் எல்லோரும் போர்டுக்குக் கீழே நிற்கும் படத்தை அன்றைக்கே ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். தவறினால் கோப்பை அடுத்த ஆளுக்குப் போகும்.

அந்த அடுத்த ஆள்தான் விவகாரம். பக்கத்து ஊர்க் கிளையின் பாதுகாப்பு அதிகாரி வேறு யாருமல்ல, ஹெல்மெட்டின் மச்சான். மனைவியின் அண்ணன். அவருடைய போர்டில் இன்று தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. கல்யாணமான நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக, நாலு பேர் கூடிய இடத்தில் எல்லாம், "நம்ம மாப்பிள்ளை நல்லவர்தான், என்ன, கொஞ்சம் மெதுவு" என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனிதர். அவரை ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் ஜெயிக்கப்போகும் சந்தோஷத்தில் ஹெல்மெட் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

கைபேசி இருந்தால் ஒரு நிமிட வேலை. ஆனால் சாவியின் பல்வரிசையைப் படம் பிடித்துவிட்டால் பூட்டைத் திறந்த மாதிரிதான் என்பதால், அந்தத் தொழிற்சாலைக்குள் கைபேசி கூடாது. மேலாளர் அம்மாவுடையது உட்பட எல்லாம் கேட்டில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். அந்த விதியை எழுதியது ஹெல்மெட். உள்ளே அனுமதி பெற்றது பீரோவில் இருந்த இந்தப் பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றுதான். இன்று காலை சார்ஜில் போட்டதைத் தவிர, ஆயிரம் நாளாக அதை யாரும் தொடவில்லை.

மணி இரண்டு.

"ஓடுங்க," என்றார் ஹெல்மெட். "கடைத்தெருவுக்குப் போய் ஒரு கார்டு வாங்கிட்டு வாங்க. இதே அளவு. நான் ஆளுங்களை நிக்க வைக்கிறேன்."

பர்ச்சேஸ்காரர் தன் பணிக்காலத்திலேயே முதல் முறையாக மூன்று கொட்டேஷன் கேட்காமல் ஓடினார்.

கூடத்தில் இயந்திரங்கள் நின்றன. நெட்டையானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால் என்று ஹெல்மெட் வரிசை போட்டார். சாவி வெட்டும் அக்கா ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவர் முன்வரிசையை விட்டு நகர மறுத்தார்.

"முப்பது வருஷமா பின்னாடியே நிக்கிறேன் சார். ஒரு போட்டோலயாவது என் மூஞ்சி முழுசா தெரியட்டும்."

"சரிக்கா, உக்காருங்க. உக்காந்தா யாரையும் மறைக்க மாட்டீங்க."

தலை சீவுகிறவர்கள் சீவினார்கள். சீப்பு வரிசை வரிசையாகக் கைமாறி, கடைசி வரிசையில் முடியே இல்லாத பெயின்டரிடம் போய் நின்றது. அவரும் மரியாதைக்கு ஒரு தடவை சீவிக்கொண்டார்.

பர்ச்சேஸ்காரர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "அறுபத்தி நாலு ஜிபி சார். இருக்கிறதுலயே பெரிசு குடுன்னேன்."

"ஒரு படம்தான எடுக்கணும்?"

"இன்னும் ஆயிரம் நாள் போனா இன்னொரு படம் எடுப்போம்ல."

ஹெல்மெட்டுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. கார்டைச் செருகினார். உள்ளே கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பொத்தானை அமுக்கினார். கேமரா ஒரு பாட்டுப் பாடி, லென்ஸை நீட்டி, திரையில் சிவப்பாக எழுதியது. கார்டு பிழை.

அணைத்துப் போட்டார். அதே சிவப்பு. கார்டை வெளியே எடுத்து ஊதினார். சட்டையில் துடைத்தார். பர்ச்சேஸ்காரர் தன் பங்குக்கு ஒரு தடவை ஊதினார். நூற்றிருபது பேரும் சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தார்கள்.

"சிரிப்பை இறக்கிக்கலாமா சார்? கன்னம் வலிக்குது," என்றார் பெயின்டர்.

கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் கூப்பிடப்பட்டாள். கேமராவைத் திருப்பிப் பார்த்த உடனே அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"சார், இது ரெண்டு ஜிபிக்கு மேல ஏத்துக்காது. இது வந்த காலத்துல ரெண்டு ஜிபிதான் பெரிய கார்டு."

"பெரிசா இருந்தா நல்லதுதானம்மா? பெரிய டம்ளர்ல கொஞ்சமா காபி ஊத்தினா குடிக்க முடியாதா?"

"டம்ளர் பிரச்சினை இல்ல சார். அவ்வளவு பெரிசை இதுக்கு எண்ணத் தெரியாது. நம்ம போர்டுல நாலு தகடுதான இருக்கு? பத்தாயிரமாவது நாள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"அன்னிக்கு நான் ரிட்டயர் ஆகியிருப்பேன்."

"கேமரா ரிட்டயர் ஆகலையே சார். அதான் முழிக்குது."

பர்ச்சேஸ்காரர் அலுவலகத் தொலைபேசியில் கடைக்குப் பேசிவிட்டு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "ரெண்டு ஜிபி இருக்கான்னு கேட்டேன். கடைக்காரன் சிரிச்சான். அப்புறம் பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டு, ரெண்டு பேருமா சிரிச்சாங்க."

மணி இரண்டே முக்கால். ஹெல்மெட்டின் மேசைத் தொலைபேசி அடித்தது.

"என்ன மாப்பிள்ளை, போட்டோ அனுப்பியாச்சா?" மச்சானின் குரலில் வெண்ணெய் வழிந்தது.

"எடுத்துட்டே இருக்கோம் மச்சான்."

"மெதுவா எடுங்க. அவசரம் ஒண்ணுமில்ல. நான் நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே அனுப்பிடுவேன். நீங்க இன்னிக்கு விட்டுட்டாலும் கோப்பை நம்ம குடும்பத்துக்குள்ளதான இருக்கும்."

ஹெல்மெட் தொலைபேசியை வைத்த வேகத்தில் அதன் மணி தானாக ஒரு தடவை அடித்தது.

"ரெண்டு ஜிபி கார்டு இந்தக் கம்பெனிக்குள்ள எங்கயாவது இருக்கும்," என்று கூடத்தில் வந்து சத்தமாகச் சொன்னார். "யோசிங்க."

எல்லோரும் யோசித்தார்கள். கேண்டீனிலிருந்து மெல்லிதாக ஒரு பழைய காதல் பாட்டு மிதந்து வந்தது. நூற்றிருபது தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

கேண்டீன்காரரின் பாட்டுப்பெட்டிக்குள் நகத்தளவு கார்டு ஒன்று இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. எல்லாம் அவரே தேடித்தேடிச் சேர்த்தது. கம்ப்யூட்டர் பெண் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் காட்டி, "ரெண்டு ஜிபி" என்றாள். கூடமே ஆரவாரித்தது. கேண்டீன்காரர் மட்டும் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சுட்டுத்தான் அண்ணே போடுவேன்," என்றாள் அவள்.

"இது பொடிசா இருக்கே. உள்ள ஆடாதா?"

"இதுக்குன்னே ஒரு உறை இருக்கு. சின்ன கார்டை அதுக்குள்ள வச்சா பெரிய கார்டு மாதிரி ஆயிடும்."

பாட்டுகள் ஏற நாற்பது நிமிடம் ஆனது. கேண்டீன்காரர் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பாட்டாக எண்ணினார். நடுவில் நூற்றெழுபதில் கணக்குத் தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். கூடத்தில் வரிசைகள் கலைந்து, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி வரிசையாயின.

மூன்றரைக்கு உறை போட்ட கார்டு உள்ளே போனது. இந்த முறை சிவப்பு எழுத்து இல்லை. 'கார்டை அழித்துத் தயார் செய்யவா?' என்று கேமரா பணிவாகக் கேட்டது.

"செய், செய்," என்றார் ஹெல்மெட்.

அடுத்த வரி திரையில் வந்தது. கார்டு பூட்டப்பட்டுள்ளது.

பூட்டுச் செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் நூற்றிருபது பேர், கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு பூட்டின் முன்னால் நின்றார்கள். எல்லோருக்கும் கொஞ்சம் மானப்பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

"உறையோட ஓரத்துல ஒரு சின்ன நெம்பி இருக்கும் சார். அதை மேல தள்ளணும்," என்றாள் கம்ப்யூட்டர் பெண். "இறுகிக் கிடக்கு. என் நகத்துக்கு வரல."

"குடு இப்படி," என்று சாவி வெட்டும் அக்கா முன்வரிசையிலிருந்து எழுந்தார். "கண்ணுக்கே தெரியாத பல்லை வெட்டுற கை இது."

அவர் மெல்லிய அரத்தின் முனையை நெம்பியில் வைத்தார். மூச்சைப் பிடித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நெம்பி மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

"திறந்துருச்சா?" என்றார் ஹெல்மெட்.

"நெம்பி இல்லன்னா, பூட்டியிருக்குன்னுதான் சார் கேமரா நினைச்சுக்கும். இனிமே எப்பவும்," என்றாள் கம்ப்யூட்டர் பெண். "ஆனா ஒண்ணு பண்ணலாம். அந்தப் பள்ளத்துல துளியூண்டு டேப் ஒட்டினா ஏமாந்துடும். துளியூண்டு, சரியா?"

டேப் எடுக்க ஹெல்மெட்டே போனார். துளியூண்டு என்பது அவருடைய அகராதியில் கிடையாது. ஏணிக்கு இரண்டு கயிறு, பிளக்குக்கு மூன்று உறை என்று வாழ்ந்த மனிதர். கார்டை டேப்பால் மூன்று சுற்றுச் சுற்றி, அமுக்கி, ஓரங்களைத் தடவிவிட்டு, கேமராவுக்குள் தள்ளினார். முக்கால்வாசி போனது. அப்புறம் போகவில்லை. வெளியேயும் வரவில்லை.

மணி நாலு.

"நீங்க கேமராவைப் பிடிங்க சார்," என்று அக்கா குறடோடு வந்தார். ஹெல்மெட் கேமராவைப் பிடித்தார். ஹெல்மெட்டின் இடுப்பைப் பர்ச்சேஸ்காரர் பிடித்தார். கேண்டீன்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுத்தார்கள்.

கேமராவுக்குச் சேதம் இல்லை. உறை மட்டும் இரண்டாகப் பிளந்து குறட்டில் நின்றது. உள்ளே இருந்த நகத்தளவு கார்டு மேலே பறந்து, வெளிச்சத்தில் ஒரு தடவை மின்னி, பித்தளைத்தூள் கொட்டிவைக்கும் தொட்டிக்குள் விழுந்தது. தொட்டியில் மூன்று வாரத்துத் தூள் இருந்தது.

"பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு அண்ணே," என்றாள் கம்ப்யூட்டர் பெண்.

"கம்ப்யூட்டரா கேண்டீன்ல வந்து பாடும்?" என்று கேட்ட கேண்டீன்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். "இது கிடைக்கிற வரைக்கும் யாருக்கும் டீ கிடையாது."

ஹெல்மெட் காலியான கேமராவை ஒரு ஸ்டூல் மேல் வைத்தார். அதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. மேலாளர் அம்மாவிடம் போய், ஒரே ஒரு கைபேசியை ஒரே ஒரு நிமிடம் உள்ளே கொண்டுவர அனுமதி கேட்டார்.

"விதி நீங்க எழுதினது," என்றார் மேலாளர் அம்மா. "அதுல 'எந்தச் சூழ்நிலையிலும்'னு நீங்கதான் அடிக்கோடு போட்டிருக்கீங்க. ரெண்டு கோடு."

திரும்பி வரும்போது அவருக்கு அந்த யோசனை உதித்தது. கைபேசி உள்ளே வரக் கூடாது. சரி. போர்டு வெளியே போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லையே. அவரே எழுதியவர் என்பதால் நிச்சயமாகத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்க," என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் ஓடினார். "போர்டைக் கழட்டி எடுத்துட்டு வர்றேன். வெளியில வச்சு போன்ல எடுத்துடலாம்."

ஆனால் அவர் அதை எப்படிக் கழற்றப்போகிறார் என்று பார்க்க எல்லோரும் அங்கேயே நின்றார்கள். போர்டு பத்தடி உயரத்தில் இருந்தது. ஏணி பின்கட்டில் எலக்ட்ரீஷியனிடம். அதை எடுத்துவர ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். மணி நாலு இருபத்தைந்து. ஹெல்மெட் மேசையை இழுத்தார். மேசை மேல் ஒரு நாற்காலி. நாற்காலி மேல் இன்னொரு நாற்காலி. ஷூ வழுக்கும் என்று இரும்பு நுனி வைத்த தன் பாதுகாப்பு ஷூக்களைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சார், நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறக்கூடாதுன்னு ஒரு படம் மாட்டியிருக்கீங்களே," என்றார் பெயின்டர். "நான்தான் வரைஞ்சேன். கீழே விழுற ஆளுக்கு மீசைகூட வச்சேன்."

"அது உங்களுக்கு," என்று ஹெல்மெட் ஏறிவிட்டார்.

நாலு பக்கமும் நாலு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் திருகு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதற்கு அக்கா கீழேயிருந்து எண்ணெய்க் குப்பியை வீசினார், ஹெல்மெட் ஒரு கையால் பிடித்தார், கூடம் கைதட்டியது. நான்காவது திருகும் வந்தது. போர்டு அப்படியே அவர் கையில் இறங்கியது. ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு நாற்காலியாக, ஒரு கீறல் இல்லாமல் ஹெல்மெட் தரைக்கு வந்து சேர்ந்தார்.

கூரை அதிர்ந்தது. விசில் பறந்தது. தொட்டிக்குள்ளிருந்த கேண்டீன்காரர்கூட எழுந்து நின்று கைதட்டினார். அத்தனை பேர் தனக்காகக் கைதட்டி ஹெல்மெட் பார்த்ததில்லை. பதிலுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது. கும்பிட இரண்டு கையும் வேண்டும். போர்டைக் கீழே வைத்தார்.

தன் இடது கால் கட்டைவிரல் மேல் வைத்தார்.

விசில் நின்றது. வெள்ளைக் காலுறையின் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு தோன்றி, மெல்லப் பெரிதானது. நூற்றிருபது பேரும் பொட்டைப் பார்த்தார்கள். அப்புறம் போர்டைப் பார்த்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

"நான் எதையும் பாக்கல சார்," என்றார் சாவி வெட்டும் அக்கா.

"எனக்குச் சாயங்காலமானா கண்ணே சரியாத் தெரியாது," என்றார் பர்ச்சேஸ்காரர்.

"நான் தொட்டிக்குள்ள இருக்கேன்," என்றார் கேண்டீன்காரர்.

மணி நாலு நாற்பது. கேட்டுக்கு அறுபது எட்டு. ஹெல்மெட் போர்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு எட்டு நொண்டினார். அந்த இரண்டு எட்டுக்குள் கோப்பை தெரிந்தது, மச்சானின் முகம் தெரிந்தது. கூடவே, சின்னக் கீறலைக்கூட மறைக்காதீர்கள் என்று மூன்று வருடமாக இந்த நூற்றிருபது பேரின் காதையும் கடித்த தன் குரலும் கேட்டது. மூன்றாவது எட்டு வரவில்லை. அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முதல் முறையாகத் தொழிற்சாலைக்குள் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நர்ஸம்மாவைக் கூப்பிடுங்க," என்றார்.

போர்டை மாற்றுவது மட்டும் சுலபமாக இருந்தது. மூன்று பூஜ்யம் ஏற்கெனவே இருந்தது. முன்னால் தொங்கிய ஒன்று என்ற தகட்டைக் கழற்றினால் போதும். அவரே கழற்றினார்.

நர்ஸம்மா வருவதற்குள் தொலைபேசியில் மச்சானுக்கு விஷயம் போய்விட்டது. பர்ச்சேஸ்காரர் ஒயரை நீட்டி ரிசீவரை ஹெல்மெட்டின் காதில் வைத்தார்.

"கோப்பை உங்களுக்குத்தான் மச்சான்."

"மறைச்சிருக்கலாமே மாப்பிள்ளை."

"மறைக்கத்தான் நூத்தி இருபது பேர் ரெடியா இருந்தாங்க. எனக்குத்தான் வரல."

"சரி, கால் எப்படி இருக்கு?" என்றார் மச்சான். வெண்ணெய் இல்லாத குரலில் அவர் பேசி ஹெல்மெட் கேட்டது அதுதான் முதல் தடவை.

நர்ஸம்மா பெட்டியும் ரெஜிஸ்டருமாக வந்தார். ஷிப்ட் நேரத்தில் முதலுதவி அறையை விட்டு நகரக் கூடாது என்ற விதியால், மதியத்திலிருந்து நடந்த கூத்து எதுவும் அவருக்குத் தெரியாது. காலுறையை வெட்டினார், கழுவினார், மருந்து வைத்தார். பிறகு ரெஜிஸ்டரைப் பிரித்துத் தேதி, நேரம், உறுப்பு எல்லாம் எழுதினார்.

"படம் ஒட்டணும் சார், இல்லன்னா கேஸ் முடியாது. காலை இப்படி நீட்டுங்க," என்று சொல்லி ஸ்டூல் மேல் இருந்த கேமராவைக் கையில் எடுத்தார்.

"அதுல கார்டு இல்லம்மா," என்று கூடமே ஒரே குரலில் சொன்னது.

பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. நர்ஸம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் அத்தனை தெளிவாக, அத்தனை அழகாக விழுந்திருந்தது.

"இதுக்கு எதுக்கு சார் கார்டு? கார்டே போடலன்னா உள்ளயே பத்துப் படம் புடிச்சு வச்சுக்குமே. முந்தி இருந்த சார் காலத்துல நான் அப்படித்தான எடுத்துட்டிருந்தேன்," என்றார் நர்ஸம்மா.